ஆடிக் காற்றுக்கு மூடிய ஜன்னல்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் பேசுவது கையைப் பற்றித்தான். காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, பூத்தொடுக்க விரல் வளையவில்லை, பாங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். எண்பதைத் தாண்டிய கை நடுங்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை. என் அப்பாவின் கை முப்பத்தெட்டு வயதில் நடுங்கியது. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. கேட்டவர்கள் எல்லோரும் பதிலை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. எனக்குப் பத்து வயது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. வீட்டின் ஒரு பாதியில் பெரியப்பா குடும்பம், மறு பாதியில் நாங்கள். நடுக்கூடம் பொது. பெரியப்பா தினமும் காலையில் கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிப்பவர். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் செய்துவந்தது அது. அப்பாவும் சேவிப்பார், குரல் பெரியப்பாவைவிட நன்றாக இருக்கும் என்று அம்மா சொல்வாள். ஆனால் அவர் காலேஜில் ரசவாதம் படித்துவிட்டு, அரியமங்கலத்தில் ஒரு முதலாளி நடத்திய பொன் உலையில் மேற்பார்வை வேலைக்குப் போனார். லீவு நாட்களில் மட்டும் கோஷ்டிக்குப் போவார்.

இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குப் பாதரசத்தைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துத்தான் காட்டுகிறார்கள். உலைகளும் காற்றுப்புகாத கூண்டுக்குள் போய்விட்டன. நமக்கு அப்படியா? மூன்றாம் வகுப்பில் ரசவாத டீச்சர் ஒவ்வொருத்தி உள்ளங்கையிலும் ஒரு சொட்டு ஊற்றினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சில்லென்று, இவ்வளவூண்டு இருந்துகொண்டு அவ்வளவு கனம். விரலைக் குவித்தால் உருளும். நான் அதைக் கீழே விட்டுவிட்டு, நூறு மணிகளாகச் சிதறினதைப் பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் பொறுக்கினேன்.

தங்கம் அப்போது எங்கும் கிடந்தது. கூரையிலிருந்து முற்றத்துக்கு மழைத்தண்ணீர் இறங்கும் தகடு தங்கம். புளி கரைக்கிற பாத்திரம் தங்கம், களிம்பு ஏறாது என்பதற்காக. கீழே விழுந்தால் பித்தளை மாதிரி கணீரென்று கத்தாது. தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பொன்னுக்குத்தான் மரியாதை. அது பெருமாளுக்கும் தாலிக்கும் மட்டும். உலையில் ஈயத்தைப் பாதரசத்தோடு வேகவைத்து ஆக்கின பொன்னை யாரும் பூட்டிவைத்ததில்லை.

உலையில் சில சமயம் மாற்றம் பாதியில் நின்றுபோகும். ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் கறுத்த ஈயம் என்று கட்டியாக வரும். அதற்குக் கரிப்பொன் என்று பெயர். அப்பா எனக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். பாண்டி விளையாட அதைவிட நல்ல சில்லு கிடையாது. போட்ட கட்டத்தில் அப்படியே உட்காரும். வீடு மாறினபோது எங்கேயோ தொலைந்துபோயிற்று.

அந்த வருஷம் வைகாசியிலேயே அப்பாவிடம் ஏதோ சரியில்லை. முதலில் நான் பார்த்தது சந்தியாவந்தனத்தில். உத்தரணியால் தீர்த்தம் எடுத்தால் உள்ளங்கைக்கு வருவதற்குள் பாதி சிந்தியது. பிறகு யாராவது வீட்டுக்கு வந்தால் புழக்கடைக்குப் போய்விடுவார். தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால் சந்தில் திரும்பிவிடுவார். ஒருநாள் சாற்றமுதில் உப்புக் குறைந்தது என்று தட்டைத் தள்ளிவிட்டு, அடுத்த நிமிஷம் அதே இடத்தில் உட்கார்ந்து அழுதார். பெரியவர்கள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா என்னைப் பூப்பறிக்க அனுப்பினாள். செடியில் பூவே இல்லை.

அப்புறம் கிராம்பு. எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பு அடக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனால் அந்த வாசனைதான். உலைக்குப் போகும்போது தூக்கு நிறைய மோர் கேட்பார். முதலில் ஒரு தூக்கு, பிறகு இரண்டு, பிறகு பெரிய அடுக்கு நிறைய. சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார்.

கை நடுக்கம், தள்ளாடும் நடை, காரணமில்லாத கோபம், அழுகை, வாயில் கிராம்பு, பானை பானையாக மோர். இதையெல்லாம் பெரியப்பா ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவுக்கு வருவது சுலபம். அரியமங்கலம் போகிற வழியில் கள்ளுக்கடை ஒன்று இருந்தது. அதன் எதிரே மரத்தடியில் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கோயில் ஆள் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

பெரியப்பா கெட்டவர் இல்லை. இன்று யோசித்தால், அவருக்கும் பயம்தான் அதிகம் என்று தோன்றுகிறது. கூடத்தில் அப்பாவை உட்காரவைத்துக் கேட்டார். கதவோரத்தில் நான் நின்றிருந்தேன்.

"குடிக்கறியா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை. அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தோம், பெரியப்பா உட்பட. அவர் சொல்லவில்லை.

இனிமேல் கோஷ்டிக்கு வரவேண்டாம் என்று பெரியப்பா சொன்னார். தெருவில் கேட்டவர்களுக்கும் அதற்கான காரணத்தை அவரே சொன்னார், மற்றவர்கள் கூட்டிச் சொல்வதற்குமுன் தான் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று. ஒரு வாரத்தில் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் பெஞ்சின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

ஆடிப் பதினெட்டு வந்தது. அம்மா மண்டபம் என்கிற காவிரிப் படித்துறையில் நிற்க இடமில்லை. காவிரி படியைத் தொட்டுக்கொண்டு சிவப்பாக ஓடியது. காற்று வேறு, புடவைத் தலைப்புகளும் பூவும் பறந்தன. அம்மா மூன்று முழுக்குப் போட்டு எழுந்தாள். தாலியை எப்போதும் புடவைக்குள் மஞ்சள் பூசி வைத்திருப்பாள். தண்ணீர் அந்த மஞ்சளைக் கழுவிவிட்டிருந்தது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த மாமி பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

அம்மாவின் தாலி வெளுத்திருந்தது. பொன் நிறமே இல்லை. ஈயத்தட்டு மாதிரி வெள்ளை. மண்ணில் பிறந்த பொன், அவள் பிறந்தகத்தில் மூன்று தலைமுறையாகக் காத்துவைத்துச் செய்தது.

படித்துறையில் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அம்மா தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள். என் கையைப் பிடித்திருந்த பிடி வலித்தது. கலந்த சாதக் கூடையை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டோம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, தாலி வெளுத்த சேதி தெருவெல்லாம் பரவின பிறகு, பெரியப்பா அம்மாவிடம் பேசினார். "நீ கொஞ்ச நாள் உன் பொறந்தாத்துல போய் இரு. அவன் திருந்தினா நானே வந்து அழைச்சுண்டு வரேன்." அம்மாவுக்குப் பிறந்தகம் லால்குடி. அவள் தலையை ஆட்டினாள். அப்பா உலைக்குப் போன பிறகு ஒரு பெட்டியும் ஒரு மூட்டையும் கட்டினாள். பெரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே எனக்குத் தலைபின்னிவிட்டாள்.

பஸ்ஸில் மெயின் கார்டு கேட்டில் இறங்கினோம். லால்குடிக்கு அங்கிருந்துதான் வேறு வண்டி பிடிக்கவேண்டும். அம்மா மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு ஜட்காக்காரரைக் கூப்பிட்டு அரியமங்கலம் என்றாள். அதுவரை ஆண்துணை இல்லாமல் காவிரிக்கு இந்தப் பக்கம் வந்தறியாதவள். நான் அவள் முகத்தையே பார்த்ததால் எனக்குப் பதில் சொன்னாள்:

"அவர் எங்க போய்க் குடிக்கறார்னு என் கண்ணால ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்."

உலை ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். காற்று வெளியே புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது; கட்டடத்தின் ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. விளிம்புகளில் களிமண் வேறு பூசியிருந்தது. வாசலில் சாக்கு விரித்து ஒரு அம்மாள் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தாள். வெற்றிலையைவிட அவளிடம் கிராம்புதான் அதிகம் இருந்தது, ஒரு முறம் நிறைய.

நாங்கள் போய்ச் சேர்ந்த சமயம் உள்ளேயிருந்து மணி அடித்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். வேப்பமரத்தடியில் வரிசையாகக் குந்தினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொன் டம்ளர். எல்லா டம்ளரிலும், விரல் பட்ட இடமெல்லாம், வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஒவ்வொருவரும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். இரண்டு கையாலும் பிடித்தும் அது ஆடியது. நாற்பது டம்ளர், நாற்பதும் ஆடின.

கடைசியாக அப்பா வந்தார், அடுக்கைத் தூக்கிக்கொண்டு. முதல் ஆளிலிருந்து வரிசையாக மோர் ஊற்ற ஆரம்பித்தார். அவர் கை ஒரு பக்கம் ஆட, வாங்குகிறவர் கை இன்னொரு பக்கம் ஆட, பாதி மண்ணில் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழகியிருந்தது.

அம்மா மூட்டையைக் கீழே வைத்தாள்.

வெற்றிலை விற்கும் அம்மாள் அவள் கழுத்தைக் கவனித்துவிட்டு, தன் கழுத்துக் கயிற்றை எடுத்துக் காட்டினாள். வெறும் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு. "எனக்கும் வெளுத்துச்சுங்க. அவரு வேட்டியைத் தொவைக்கறோம்ல, அதுல ரசம் ஒட்டிக்கிட்டு வருது. பொன்னைத் தொட்டா விடாது. நான் கழட்டி வச்சுட்டேன்."

அம்மா அந்த வரிசையைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"குடியா? எங்க மாமியாரும் அப்படித்தாங்க சொன்னாங்க. வெளக்கமாத்தால அடிச்சாங்க, பெத்த புள்ளைய. ஒரு சொட்டு தொட்டவரில்லைங்க. ஈறெல்லாம் வெந்துபோயி பல்லு ஆடும், அதுக்குத்தான் கிராம்பு. இப்ப வீட்டுல கெடக்காரு. புள்ளைங்களையே யாருன்னு கேக்குறாரு."

அவள் கணவர்தான் அந்த உலையின் தலைமை உலைக்காரர் என்று பிறகு தெரிந்தது. ஈயமும் ரசமும் வேகிற மூசைக்கு மிக அருகில் நின்றவர். அதனால் முதலில் விழுந்தவர்.

அப்பா எங்களைப் பார்த்துவிட்டார். அடுக்கை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். அம்மா அருகே போய் அடுக்கை வாங்கி, மீதி இருந்தவர்களுக்கு அவளே ஊற்றினாள். உத்தர வீதியில் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

லால்குடிக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவின் சைக்கிளை உலையிலேயே விட்டுவிட்டு மூன்று பேரும் ஒரே ஜட்காவில் திரும்பினோம். பாலத்தில் காற்று வண்டியையே தள்ளியது. பாதிப் பாலம் தாண்டினபோது அம்மா கேட்டாள், இவ்வளவு பழி சொன்னார்களே, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று.

அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். போன வருஷம் ஆடிக் காற்றில் உலையின் சூடு ஏறி இறங்கி, வார்த்ததெல்லாம் கரிப்பொன்னாக வந்திருக்கிறது. காற்று வராமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தச் சொன்னது அவர்தான். அந்த மாதம் பொன் நன்றாகக் கண்டது. முதலாளிக்குச் சந்தோஷம். ஆடி முடிந்தது, காற்று நின்றது, ஜன்னல்கள் திறக்கவில்லை. ஐப்பசியில் உலைக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அப்போதே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். படித்தவர், தெரியாமல் இருக்குமா? இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். மோர் விஷத்தை முறிக்கும் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்து மோர் எடுத்துக்கொண்டு போனார்.

"நடுக்கம் எதனாலன்னு சொன்னா, ஜன்னலை யார் மூடினான்னு அடுத்தாப்ல கேப்பா. குடிகாரன்னா என்னோட போயிடும். அது சின்னப் பேர்."

அம்மா வண்டிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், கோபமாகக்கூட இல்லை:

"பெரிய பேரையே வாங்கிக்கோங்கோ. நாளைக்குப் போய்த் திறங்கோ."

மறுநாள் அப்பா பதினான்கு ஜன்னல்களின் களிமண்ணையும் தானே உளியால் பெயர்த்துத் திறந்தார். உலையில் அன்று வெந்துகொண்டிருந்தது எல்லாம் பாதியில் கறுத்து நின்றது. மாலைக்குள் முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்தினார். அதற்கடுத்த நாள் ஜன்னல்களை மறுபடி சாத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அதனால்தான் கடிதம். சர்க்காரில் ரசவாதத் தொழில்களைப் பார்க்கிற இலாகாவுக்கு எழுதவேண்டும் என்றார் அப்பா. அவரால் ஒரு வரி எழுதமுடியவில்லை. பேனா காகிதத்தைக் கிழித்தது. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை உட்காரவைத்தார். கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினேன். அவர் சொன்ன முதல் வாக்கியம், "ஆடிக் காற்றை முன்னிட்டு உலையின் ஜன்னல்கள் மூடப்பட்டன" என்பது. அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது:

"யார் மூடினான்னு எழுதச் சொல்லுடி."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டு வேறு காகிதம் வைக்கச் சொன்னார். "ஜன்னல்களை மூட உத்தரவிட்டவன் நான்" என்று தொடங்கி எழுதினோம். நாற்பது பேரையும் பெயர் சொல்லி, யாருக்கு எந்த மாதம் நடுக்கம் தொடங்கியது என்று ஞாபகமாகச் சொன்னார். ஒரு பெயர்கூட அவர் தயங்கவில்லை. அத்தனை பேரையும் அவர் ஒவ்வொரு நாளும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தால்தான் பிற்காலத்தில் உலைகளைக் கூண்டுக்குள் வைக்கச் சொல்லும் சட்டம் வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினவர்கள் பல ஊரில் பல பேர் இருந்திருப்பார்கள். ஒரு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார், மேற்குப் பக்கத்து ஜன்னல்கள் மட்டும் திறந்தன. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்களுக்கு அதற்குப் பிறகு சில வருஷங்கள் கஷ்டமாகவே போயின. அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார், கரும்பலகையில் எழுதாமல் வாயால் மட்டும்.

நான் சொல்ல நினைத்தது அதுவல்ல. பெரியப்பாவைப் பற்றி.

அரியமங்கலத்தில் பார்த்ததை அம்மா, நாங்கள் திரும்பி வந்த அன்று சாயங்காலமே அவரிடம் சொன்னாள். எதிரே நின்று, தலையைக் குனியாமல் சொன்னாள். ஜன்னலை மூடினது யார் என்பதையும் மறைக்கவில்லை. பெரியப்பா முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அந்தக் கிராம்பு?"

"ஈறு வலிக்கு."

தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னதை ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? அதற்கான வார்த்தைகள் அவரிடம் இல்லை. மறுநாளிலிருந்து ஒரு காரியம் செய்தார். காலையில் கோஷ்டிக்குக் கிளம்பும்போது, ஈரம் காயாத திருமண்ணோடு எங்கள் பாதி வீட்டின் வாசலில் வந்து நிற்பார். கூப்பிடமாட்டார். கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். அப்பா உள்ளே உட்கார்ந்திருப்பார், எழுந்திருக்கமாட்டார். ஆவணி முழுக்க இப்படியே நடந்தது. கோஷ்டியில் நிற்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அப்பா நினைத்திருக்கலாம். குடிகாரன் என்ற பேர் போய்விட்டது, ஆனால் இந்த இன்னொரு பேர் இருக்கிறதே.

ஒருநாள் காலை அப்பா அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பெரியப்பா நின்றிருந்தார். இருவரும் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். முனைக்கு வந்ததும் பெரியப்பா கோயில் பக்கம் திரும்பினார். அப்பா எதிர்ப்பக்கம், ஆற்றை நோக்கித் திரும்பினார்.

பெரியப்பா நின்று, எங்கே போகிறாய் என்று கேட்டார்.

"உலைக்காரரைப் பாக்க, அவர் ஆத்துக்கு. பஸ்ஸுக்குப் போறேன்." அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவருக்கு என்னைத் தெரியப்போறதில்லை. ஆனாலும் போகணும்" என்றார்.

உள்ளே கோஷ்டி கூடுகிற நேரம். தெருவில் இரண்டு பேர் பெரியப்பாவைத் தாண்டி அவசரமாகப் போனார்கள். அவர் கோபுரத்தைப் பார்த்தார். ஜுரத்தோடும் போனவர்; தன் மகள் கல்யாணத்தன்றுகூடப் போய்விட்டு வந்தவர்.

"இரு. நானும் வரேன்" என்றார்.

அவர்கள் அம்மா மண்டபம் ரோட்டில் போவதை முனையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது, கேட்டிருக்கமாட்டார்கள். பெரியப்பா எங்கள் தெருவிலேயே வேகமாக நடப்பவர், அப்பாவுக்கோ கால் ஒழுங்காக ஊன்றாது. கொஞ்ச தூரம் அவர் முன்னால் போய்விட்டார். பிறகு திரும்பிப் பார்த்தார், நின்றார், அப்பா வந்துசேர்ந்ததும் அந்த நடைக்கே நடக்க ஆரம்பித்தார்.